சப் பாடுவது தெரியக் கூடாது: பத்தடி ஹாலில் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரோடு சப்வூஃபரைச் சேர்ப்பது

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ கான்கிரீட் வீட்டு ஹாலை டேப் பிடித்து அளந்தால், பத்தடி அகலம், பதினைந்தடி நீளம், பத்தடி உயரம் என்பது சாதாரணமாக வரும் கணக்கு. தாழ்ந்த பேஸை மட்டும் பாடும் பெட்டியான சப்வூஃபருக்கு (சுருக்கமாக சப்) இது வம்பு பிடித்த அளவு. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகிறது. அறையின் ஒரு பக்கத்தை இரண்டால் பெருக்கி, 349-ஐ அதனால் வகுத்தால் அந்தப் பக்கம் எந்த அதிர்வெண்ணில் முழங்கும் என்று தெரிந்துவிடும். பத்தடிக்கு, அதாவது 3.05 மீட்டருக்கு, 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு முழக்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். பதினைந்தடிக்கு 38, அதன் இரட்டிப்பு 76. மிருதங்கத்தின் தொப்பி ‘தொம்’ என்று விழாமல் ‘பூஊம்’ என்று இழுத்தால், சப்பைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகளில் உயரமும் அகலமும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. அதனால் இந்தத் தொல்லை குறைவு. முற்றம் வைத்த வீட்டில் பேஸ் வானத்துக்குப் போய்விடும். அங்கே எட்டு இஞ்ச் சப் போதாது.

எங்கே வெட்டுவது

ஃபுல்ரேஞ்ச் என்று பெயர் இருப்பதால் மூன்று, நான்கு இஞ்ச் டிரைவர் (ஒலி எழுப்பும் கோன்) எல்லாவற்றையும் பாடிவிடாது. கிராஸ்ஓவரை, அதாவது சப்பும் ஸ்பீக்கரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண்ணை, 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். ஐந்து, ஆறரை இஞ்ச் வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் என்றால் 80, டவர் என்றால் 60. நூறைத் தாண்டத் தாண்ட, சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்க ஆரம்பிக்கும். அப்படி உயரத்தில் வெட்டினால் சப் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், அவற்றின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த படியில். சப்பை மட்டும் 80-க்கு மேல் பாடாமல் வெட்டிவிட்டு, சின்ன ஸ்பீக்கரை முழு அலைவரிசையிலும் ஓட விடுகிறார்கள். நான்கு இஞ்ச் கோன் 40 ஹெர்ட்ஸ் பேஸுக்காக முன்னும் பின்னும் ஆடித் தவித்துக்கொண்டிருக்கும்போது அதே கோனில் வரும் குரலும் சேர்ந்து கலங்கும். ஏவிஆர் (ஹோம் தியேட்டர் ரிசீவர்) இருந்தால் வேலை எளிது: அதன் மெனுவில் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ (பேஸ் சப்புக்குப் போகட்டும்) என்று வையுங்கள், சப்பின் சொந்தக் கிராஸ்ஓவர் குமிழை எல்எஃப்இ (சப்பின் வெட்டு வேண்டாம்) அல்லது கடைசி எல்லைக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே சிக்னல் இரண்டு தடவை வெட்டுப்படும்.

ஏவிஆர் இல்லாத, சின்ன ஆம்ப் போர்டு வைத்த அமைப்புக்கு ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர் போதும். ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) 22 கிலோ ஓம் என்றால் ஒவ்வொரு சேனலின் சிக்னல் வயரிலும் தொடராக 0.1 மைக்ரோஃபாரட், 47 கிலோ ஓம் என்றால் 0.047. இரண்டுக்கும் வெட்டுப்புள்ளி 72 ஹெர்ட்ஸில் வரும். ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 6 டெசிபல்தான் இறங்கும், சரிவு மென்மை. ஆனாலும் கோனின் தவிப்பு கண்ணுக்கே தெரியும்படி அடங்கும். பெட்டியில் போர்ட் ஓட்டை இருந்தால் பழைய சாக்ஸைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள். மூடிய பெட்டி இயல்பாகவே 12 டெசிபல் சரிவில் இறங்கும், சப்போடு இணைவது சுலபம்.

ஒரு எச்சரிக்கை: கெப்பாசிட்டரை ஆம்பின் இன்புட்டில் போட்ட பிறகு, அதே ஆம்பின் ஸ்பீக்கர் முனையிலிருந்து சப்புக்கு வயர் எடுத்தால் பேஸ் வெட்டிய சிக்னல்தான் சப்புக்கும் போகும். வால்யூம் கட்டுப்பாடு உள்ள டிஏசி (டிஜிட்டலை அனலாகாக மாற்றும் கருவி) அல்லது ப்ரீஆம்பிலிருந்து (ஆம்புக்கு முந்தைய கட்டம்) ஒய் கேபிள் போட்டு, கெப்பாசிட்டருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள்.

டிபிஏ3116 சிப் உள்ளவை மாதிரி பிரிட்ஜ் முறை கிளாஸ் டி ஆம்ப் போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை தரை (கிரவுண்ட்) கிடையாது, அதிலும் சிக்னல் ஓடுகிறது. சப்பின் ஹைலெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடம்) இரண்டு சேனல் மைனஸையும் ஒன்றாக முறுக்கிக் கொடுத்தால் சிப் போய்விடும். இந்த வகைக்கு ஒய் கேபிள் வழியே நல்லது.

இடம்

குமிழைத் தொடுவதற்கு முன் இடம். சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பாயில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் தரையிலேயே, சோபா என்றால் சோபா மேலேயே. பேஸ் கிடார் நடை தெளிவாக உள்ள ஒரு பாட்டை ஓட விட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். ஒரு மூலையில் காது அடைக்கும், இரண்டடி தள்ளினால் ஒன்றுமே இருக்காது. எந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் விழுகிறதோ அங்கே சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அதிகமாக அதிரும் இடம் இல்லை, சமமாகக் கேட்கும் இடம். சப்பின் நிரந்தர இடம் அதுதான். பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் பொதுச்சுவர் என்றால் அந்தச் சுவரைத் தவிர்ப்பது மரியாதை.

ஃபேஸும் அளவும்

ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றும் சத்த அளவு மீட்டர் ஒன்றும் வேண்டும். ஃபோன் மைக் தாழ்ந்த பேஸைக் குறைத்தே காட்டும். ஒரே அதிர்வெண்ணில் முன்னைவிடக் கூடிற்றா, குறைந்ததா என்று ஒப்பிட அது போதும். கிராஸ்ஓவர் 80 என்றால் 80 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் போடுங்கள். உரக்க வைத்து நிமிடக்கணக்கில் ஓட விட்டால் வாய்ஸ் காயில் சூடேறிக் கருகும். சப்பை அணைத்து ஸ்பீக்கரின் அளவைக் குறியுங்கள். பிறகு சப்பை மட்டும் ஓட விட்டு அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் போட்டு, ஃபேஸ் சுவிட்சை (சப்பின் அலையைத் தலைகீழாக்குவது) 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். உரக்கக் கேட்பதே சரி. நன்றாக ஒத்துப்போனால் 6 டெசிபல் வரை ஏறும். சுழலும் குமிழ் இருந்தால் தலைகீழாகத் தேடுவது இன்னும் துல்லியம்: சத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, பிறகு சுவிட்சைத் திருப்புங்கள். 70-லும் 90-லும் சரிபாருங்கள். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.36 மீட்டர், சப் ஒரு மீட்டர் பின்னால் தள்ளி இருந்தாலே கால் சுற்று பிசகும். ஏவிஆரின் தானியங்கி அளவீடு சப்பின் தூரத்தை டேப் அளவைவிட அதிகமாகக் காட்டினால் திருத்தப் போகாதீர்கள். சப்பின் உள்ளே ஆகும் தாமதமும் அதில் சேர்ந்திருக்கிறது.

கடைசிச் சோதனைக்குச் செய்தி வாசிக்கும் ஆண் குரல் போடுங்கள். குரல் சப் பெட்டியிலிருந்து கனைத்தால் அளவைக் குறையுங்கள், அல்லது கிராஸ்ஓவரை இறக்குங்கள். சப்பை அணைத்ததும் ‘என்னமோ போச்சே’ என்று தோன்ற வேண்டும். அது ஓடும்போது ஓடுவதே தெரியக் கூடாது.

அப்படியும் 57-ல் முழங்கினால் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) அந்த ஒரு மேட்டை மட்டும் வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். எதிரெதிர் அலைகள் அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு பவர் கொட்டினாலும் அதுவும் அழிந்துபோகும்.

கடகடப்பும் உறுமலும்

20-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை (ஸ்வீப்) ஓட்டினால் பீரோக் கதவு, ஜன்னல் கொக்கி, அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டு, சாமி மாடத்து மணி என ஒவ்வொன்றாகக் குரல் கொடுக்கும். ரப்பர் துண்டு போதும். விடாமல் ‘ம்ம்’ என்று உறுமினால் முதலில் டிவிக்கு வரும் கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவது உயிருக்கு ஆபத்து.

கடற்காற்று ஊரில் உப்பு ஆர்சிஏ (சிக்னல் வயர்) முனைகளைப் பச்சை பூக்க வைக்கும். ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து மாட்டுங்கள். பழைய சப் வாங்குவதாக இருந்தால் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஃபோம் வளையம் விரலோடு உதிர்ந்து வந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள், ரப்பர் வளையம் உள்ளதாகத் தேடுங்கள்.