காசு உங்களுடையது, உறுதி வேறு பெயரில் என்றால்

வெளிநாட்டிலிருந்து அண்ணன் காசு அனுப்புவார். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ காணி பார்த்து, தங்கச்சி பெயரில் உறுதி (காணிப் பத்திரம்) முடிப்பார்கள். விலை ஏறியபிறகு, "காணி ஆருடையது?" என்ற கேள்வி கிளம்பும்.

உறுதியில் உள்ள பெயரோடு கதை முடிந்துவிடுவதில்லை. இலங்கையின் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் பாருங்கள். நம்பிக்கைப் பொறுப்பு (trust) என்பது ஒருவர் தன் பெயரில் உள்ள சொத்தை இன்னொருவருக்காக வைத்திருப்பது. விலையை ஒருவர் கொடுத்து, உறுதி இன்னொருவர் பெயரில் முடிந்திருந்தால், அந்தப் பெயருக்கு உரியவரே அனுபவிக்கட்டும் என்ற எண்ணம் காசு கொடுத்தவருக்கு இருக்கவில்லை எனத் தெரியவரும்போது, காணி காசு கொடுத்தவருக்காகவே வைத்திருக்கப்படுகிறது. இதற்குத் தனியாக நொத்தாரிசு எழுத்து தேவையில்லை.

பலர் தோற்பது இரண்டாவது பாதியில். காசு கொடுத்ததை மட்டும் நிரூபித்தால் போதாது, அது அன்பளிப்பு அல்ல என்பதையும் காட்டவேண்டும். தகப்பன் பிள்ளையின் பெயரில் வாங்கியிருந்தால் இது இன்னும் கடினம். சீதனமாகக் கொடுத்ததை இந்த வழியில் திருப்பிக் கேட்கவே வேண்டாம்.

முதல் வேலை காணிப் பதிவகத்தில். உறுதியின் சான்றுப்படுத்திய பிரதியையும் ஃபோலியோவின் (அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தின்) பிரதியையும் எடுங்கள். உறுதியின் கடைசியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியை ஆறுதலாக வாசியுங்கள். கிரயம் அவர் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, காசா காசோலையா என்பது அங்கேதான் இருக்கும். பிறகு அந்தத் திகதியை ஒட்டிய வங்கிப் பரிமாற்றங்களைத் தேடுங்கள். வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில் (ஆள்மூலம் காசு கைமாற்றும் முறையில்) அனுப்பியிருந்தால் சீட்டு இராது. அப்போது அனுப்பிய இடத்தில் வங்கியிலிருந்து காசு எடுத்த பதிவு, அந்த நாட்களின் வாட்ஸ்அப் செய்திகள், கைமாற்றிக் கொடுத்தவரின் சாட்சியம் ஆகியவைதான் கைகொடுக்கும். மூல உறுதி யாரிடம் இருந்தது, சோலைவரி யார் கட்டினார், வாடகை யாருக்குப் போனது என்பவை எண்ணத்தைக் காட்டும் சான்றுகள்.

வாங்கிய பிறகு மதிலுக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் செலவழித்த காசு இந்தக் கணக்கில் வராது. அதற்கு நட்டஈடு கேட்கலாம், காணியைக் கேட்கமுடியாது.

இரண்டு இடங்களில் முன்கூட்டியே நின்று யோசியுங்கள். அண்ணன் இப்போது வெளிநாட்டுக் குடியுரிமையாளர் என்றால், வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே வரும். இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்பதை வழக்குக்கு முன் சட்டத்தரணியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்தது, கந்தளாய் போன்ற குடியேற்றத் திட்டங்களின் பெர்மிட் காணி. அது அரச காணி, பிரதேச செயலகத்தின் அனுமதியின்றிக் கைமாறாது. அங்கே இந்த வாதம் எடுபடாது.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். முறைப்பாட்டில் (வழக்குத் தொடுக்கும் மனுவில்) நம்பிக்கைப் பொறுப்பை வெளிப்படையாக எழுதி, அது இருக்கிறது என்ற நீதிமன்றப் பிரகடனத்தோடு, உங்கள் பெயருக்கு உறுதி எழுதிக்கொடுக்கும் கட்டளையையும் கேளுங்கள். வழக்குப் போட்ட கையோடு, வழக்கு நிலுவையில் இருப்பதை ஃபோலியோவில் பதிவு செய்யுங்கள். விற்பனையை நிறுத்தத் தடையுத்தரவும் கேளுங்கள். இதில் ஒரு கிழமைகூடத் தாமதிக்கவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறோம். விசயம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைச் சட்டம் காப்பாற்றும். அதன்பிறகு தங்கச்சியிடம் காசைத்தான் கேட்கமுடியும். பத்து வருட ஆட்சி உரிமை என்ற எதிர்வாதமும் வரும் என எதிர்பாருங்கள்.

தன் சார்பில் வழக்கை நடத்த மச்சானுக்கு அற்றோணித் தத்துவம் (power of attorney) கொடுத்துவிட்டால் போதும் என்று அண்ணன் நினைப்பார். தன் மனதில் என்ன எண்ணம் இருந்தது என்பதை அவரே வந்து சொல்லவேண்டும், மச்சான் சொன்னால் எடுபடாது. பெயருக்கு உரியவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரையும் எதிராளிகளாகச் சேர்க்கவேண்டும், ஒருவரும் விடுபடக்கூடாது. செலவுக்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இனிமேல் வாங்குபவர்கள், உறுதி முடிக்கும் அன்றே அதே நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு, "இன்னாருக்காக வைத்திருக்கிறேன்" என்று தங்கச்சி ஒப்பமிடும் பிரகடன உறுதி ஒன்றையும் எழுதி, அதே ஃபோலியோவில் பதியச் சொல்லுங்கள்.