பர்லியார் ஏற்றத்தில் இழுக்காத கார்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியார் தாண்டிய ஒரு வளைவில் என் டீசல் கார் திணற ஆரம்பித்தது. இரண்டாவது கியரிலும் இழுக்கவில்லை. கரும்புகை வேறு. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனிலேயே என்னைத் திட்டித் தீர்த்தார்.

மறுநாள் காரில் ஸ்கேனர் போட்டால் பி0402 என்ற பிழைக் குறியீடு. அதாவது, இஜிஆர் வால்வு வழியாகப் புகை அளவுக்கு மீறித் திரும்புகிறது. நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைக்க, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவதுதான் அதன் வேலை. கரி படிந்து திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஏற்றத்தில் காற்று பற்றாது. நான் தினமும் ஓட்டுவதோ வீட்டுக்கும் கடைக்குமாக மூன்று கிலோமீட்டர். குன்னூர் குளிரில் இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுவேன். கரி சேராமல் என்ன செய்யும்?

முதலில் கழற்றிக் கழுவிப் பார்த்தேன், பத்து நாள் தாங்கியது. அப்புறம்தான் புதியது வாங்கினேன். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, வால்வின் வயர் சாக்கெட்டைப் பிடுங்கினால் நான்கு போல்ட். மூன்று வந்துவிட்டன. நான்காவது துருவேறி அசையவில்லை. ஆயில் விட்டு டீ குடித்து வந்தும் அப்படியே. "முதல்ல லேசா இறுக்குங்க தம்பி, அப்புறம் லூஸ் பண்ணுங்க" என்றார் பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணன். 'கிடுக்' என்று விட்டுக்கொடுத்தது.

வால்வு உட்காரும் துளைக்குள்ளே தார் பூசியதுபோல் கரி, சுண்டுவிரல்கூட நுழையவில்லை. அதைச் சுரண்டாமல் புது வால்வு மாட்டினால் காசு வீண். கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டு, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்தோம். அன்று மாலையே பர்லியார் வரை இறங்கி ஏறினேன். புகை இல்லை.