கே-பால்ஸ் உணவகத்தின் கருக்கிய மீனை வீட்டில் செய்ய

முதலில் சமையலறை ஜன்னல்களையெல்லாம் திறந்துவிடுங்கள். நான் திறக்காமல் செய்தேன். புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சமையல்காரர் பால் புருதோம் தன் மனைவி கே-யுடன் 1979இல் தொடங்கிய சிறிய உணவகம் கே-பால்ஸ். ஆரம்ப காலத்தில் அங்கே முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டியிருந்தது. அங்கே பிரபலமான இந்த மீனை ஊரெல்லாம் பார்த்துச் செய்யப்போய், 1980களில் மெக்சிகோ வளைகுடாவில் இதற்குப் பயன்பட்ட ரெட்ஃபிஷ் என்ற மீனைப் பிடிப்பதற்கே கட்டுப்பாடு வந்தது. 2020இல் கடையும் மூடப்பட்டது.

சரி, செய்முறை. மிளகாய்த்தூள், பாப்ரிக்கா, கருமிளகு, வெண்மிளகு, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், தைம், ஆரிகானோ, உப்பு: எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். எண்ணெய் விடாமல் வார்ப்பிரும்புச் சட்டியைப் பத்து நிமிடம் முழுத்தீயில் காய விடுங்கள். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம். அரை அங்குலத்துக்கு மேல் தடிமனில்லாத, முள் நீக்கிய மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் முக்கி, மசாலாவை இருபுறமும் தூவிச் சட்டியில் போடுங்கள்.

‘சொய்ங்’ என்று சத்தம் வரும், புகை கிளம்பும். கை பதறும்; கிளறாதீர்கள். இரண்டு நிமிடத்தில் அடிப்புறம் கருத்திருக்கும். அது தீய்ந்த கருப்பல்ல, வெண்ணெயும் மசாலாவும் சேர்ந்து வறுபட்ட நிறம். தீய்ந்த கசப்பு அடித்தால் சட்டியில் பழைய மசாலா ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். அப்புறம் தட்டில் எடுத்து, சூடாகவே எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.