ரெபேக்கா பாக்கெனை எந்த வரிசையில் கேட்பது?

ரெபேக்கா பாக்கென் ஜாஸ் பாடகியா, நாட்டுப்புறப் பாடகியா, பாப் பாடகியா என்ற கேள்வியுடன் அவரது இசைத்தொகுப்புகளை அணுகுபவருக்கு மூன்றாவது பாட்டிலேயே குழப்பம் வந்துவிடும். 1970-இல் ஆஸ்லோவில் பிறந்து, 1990-களின் நடுவில் நியூயார்க்குக்குச் சென்று, பின்னர் வியன்னாவில் குடியேறிய இந்த நார்வேக்காரரைப் பின்தொடர, வகையை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொள்வதே நல்ல வழி. அதற்கு, வெளியான ஆண்டு வரிசையும் உதவாது. செயலிகள் முன்னால் நீட்டும் 'பிரபலமானவை' பட்டியலும் உதவாது.

2014-இல் வெளியான 'லிட்டில் டிராப் ஆஃப் பாய்சன்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கரான டாம் வெயிட்ஸின் பாடல்களை ஜெர்மனியின் ஹெஸ்ஸன் வானொலியின் பிக் பேண்டுடன் (பெரிய ஜாஸ் வாத்தியக் குழு) அவர் பாடியிருக்கும் தொகுப்பு இது. வெயிட்ஸின் குரல் சரளைக்கல்லில் இழுத்ததைப் போலக் கரகரப்பது. பாக்கெனின் குரலோ தெளிவானது, மூன்று ஸ்தாயிகளை எட்டுவதாகச் சொல்லப்படுவது. ஒரே பாடலை முதலில் வெயிட்ஸ் பாடியும் உடனே பாக்கென் பாடியும் கேட்டால், மெட்டு ஒன்றாக இருக்க, பாடலில் வரும் மனிதர் மட்டும் மாறிவிடுவது புலப்படும்.

அடுத்தது, ஜெர்மானியப் பியானோ கலைஞர் யூலியா ஹியூல்ஸ்மானின் மூவர் குழுவுடன் 2003-இல் வெளியான 'ஸ்கேட்டரிங் போயம்ஸ்'. இங்கே அவசரம் கூடாது. அமெரிக்கக் கவிஞர் இ. இ. கம்மிங்ஸின் கவிதைகளே பாடல் வரிகள். நிறுத்தக்குறிகளை மதிக்காமல், வரிகளை எதிர்பாராத இடத்தில் ஒடிப்பவர் அவர். கவிதையை அச்சில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பாக்கென் மூச்சுவிடும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டு வாருங்கள். கவிஞர் ஒடித்த இடமும் பாடகி நிறுத்தும் இடமும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பது தாளிலேயே தெரிந்துவிடும். ஜாஸ் பாடகரின் சுதந்திரம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவதாக, ஆஸ்திரிய கிதார் கலைஞர் வொல்ஃப்காங் மூத்ஷ்பீலுடன் அவர் சேர்ந்து செய்த 'பிலவ்ட்' (2002). நார்வேயில் 'குவேடிங்' என்றொரு பழைய பாடும் மரபு உண்டு. பக்கவாத்தியமின்றித் தனிக்குரலில் பாடுவது அது. அதில் ஓரிரண்டு பாடல்களைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால், நாட்டுப்புறச் சாயலை எங்கே தேடுவது என்று பிடிபடும்.

அவர் தாமே எழுதிய பாடல்களை இதன் பிறகே எடுக்கலாம்: 'தி ஆர்ட் ஆஃப் ஹவ் டு ஃபால்' (2003), 'இஸ் தட் யூ?' (2005), பாப் பக்கம் இன்னும் சாயும் 'மார்னிங் அவர்ஸ்' (2009). 2016-இல் வந்த 'மோஸ்ட் பெர்சனல்' முந்தைய தொகுப்புகளிலிருந்து திரட்டப்பட்டது என்பதால், அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தால் போதும்.