மில்லில் சங்கம் தொடங்க ஏழு பேரும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

சம்மாந்துறையில் நெல் மில்லோ மட்டக்களப்பு டவுனில் கடையோ, சம்பளத்தைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்கப் போனால் "சரிவராவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம்" என்ற பதில்தான் வரும். சங்கமாகப் போக எத்தனை பேர் வேண்டும்? நூறு பேரெல்லாம் வேண்டாம். ஏழு பேர் போதும்.

இந்த ஏழு நம்மூர்க் கணக்கு இல்லை. 1834இல் இங்கிலாந்தின் டோல்படில் கிராமத்தில் ஆறு விவசாயக் கூலிகள் சங்கம் சேர்ந்து இரகசியமாகச் சத்தியம் செய்ததற்கே ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1871இல் அதே நாடு ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதியலாம் என்று சட்டம் போட்டது. அந்த ஏழு 1926இல் இந்தியாவுக்குப் போய், 1935இல் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தோடு இங்கே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

பதிவு எதற்கு, நாங்கள் ஒற்றுமையாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு மதராஸ் கதையைச் சொல்லுங்கள். அங்கே ஒரு பெரிய பஞ்சாலை, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று சங்கத் தலைவர் பி.பி.வாடியா மீது வழக்குப் போட்டு, ஹைகோர்ட்டில் தடை உத்தரவும் வாங்கிவிட்டது. அது 1926க்கு முந்திய கதை, சங்கங்களைப் பாதுகாக்க அப்போது அங்கே சட்டமே இல்லை. இங்கே இப்போது இருக்கிறது, ஆனால் அது பதிந்த சங்கத்துக்குத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் கூட்டத்தை மில்லுக்குள் வைக்காதீர்கள், யாராவது ஒருவர் வீட்டு முற்றம் போதும். சீ.ஆர். கொப்பியில் திகதி, வந்தவர்கள் பெயர், சங்கத்தின் பெயர், தலைவர், செயலாளர், பொருளாளர் யார் யார் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கவேண்டும். நாங்கள் ஒரு நண்பரை எல்லோரும் கூப்பிடும் பெயரிலேயே எழுதிவிட்டு, அப்புறம் பட்டியல் முழுவதையும் திருப்பி எழுதினோம்.

சரியாக ஏழு பேரோடு போகாதீர்கள். முதலாளி வீட்டிலிருந்து ஒரு போன் வந்தால் யாராவது ஒருவர் கழன்றுவிடுவார், மிச்சம் ஆறு பேர், டோல்படில் கணக்கு! பத்துப் பன்னிரண்டு பேராவது சேருங்கள்.

அப்புறம் யாப்பு, அதாவது சங்கத்தின் விதிகள். நோக்கம், சந்தா, காசை யார் வைத்திருப்பது, கணக்கை யார் பார்ப்பது, நிர்வாகிகளை எப்படித் தெரிவுசெய்வது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். காசு விஷயத்தை மட்டும் விரிவாக எழுதுங்கள், சங்கங்கள் முதலாளியால் உடைவதைவிட சந்தாக் காசால் உடைவதுதான் அதிகம். விண்ணப்பம் தொழிற்சங்கப் பதிவாளருக்குப் போகவேண்டும், சங்கம் தொடங்கி மூன்று மாதத்துக்குள். படிவத்துக்கு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

பதிந்ததோடு முதலாளி மேசைக்கு வந்துவிடமாட்டார். 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தியபோது, யாருக்காகப் பேசுகிறீர்களோ அந்தத் தொழிலாளரில் 40 சதவீதம் பேர் உறுப்பினராக இருந்தால் சங்கத்தோடு பேச மறுக்கக் கூடாது என்று சேர்த்தார்கள். ஐம்பது பேர் மில்லென்றால் இருபது பேர். அந்த இருபது சேரும்வரை கோரிக்கைக் கடிதம் கொடுக்காதீர்கள், சேர்ந்த பிறகு பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அந்தக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.