வலிக்காத பாம்புக்கடியும் சில தவறுகளும்

பாம்பு கடித்தது என்றால் எல்லோரும் முதலில் கடிவாயைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். வீக்கம் இல்லை, வலி இல்லை என்றால் "தண்ணிப் பாம்பா இருக்கும், படு" என்று சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிறு வலிக்கும். அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் இமை தொங்கும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது. இந்த நஞ்சு தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பின் நுனியைச் சிதைக்கிறது. அங்கிருந்து அசிட்டைல்கோலின் என்ற, கட்டளையைத் தசைக்குக் கடத்தும் வேதிப்பொருள் வெளிவராவிட்டால் தசை அசையாது. மூச்சுத் தசைகளுக்கும் அதே கதிதான்.

அந்த நிலையில் கிடப்பவரை இறந்துவிட்டார் என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. கண் திறக்காது, விரல் அசையாது, கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம். ஆனால் பக்கத்தில் நின்று பேசுவது அவருக்குக் கேட்கலாம்! வென்டிலேட்டர் வைத்து மூச்சைக் காப்பாற்றினால், நரம்பு நுனி மறுபடி வளர்ந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ எழுந்து உட்காருவார். விஷமுறிவு மருந்தால் ஏற்கெனவே சிதைந்த நுனியைச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் தாமதிக்கக் கூடாது என்கிறார்கள். நல்ல பாம்பின் நஞ்சோ, தசைப் பக்கத்தில் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும். நுனி சேதமாகாததால், அசிட்டைல்கோலினைச் சிதையவிடாமல் கூட்டும் நியோஸ்டிக்மின் ஊசி அங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது இரண்டும் வேண்டாம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் நஞ்சுகள் கடித்த இடத்துச் சதையையே அழுகவைப்பவை. இறுகக் கட்டி ரத்த ஓட்டத்தையும் நிறுத்தினால் காலை எடுக்கும்படி ஆகலாம். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், மருத்துவர் பார்த்துக்கொள்வார். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் ரத்தத்தை உறையவைக்கும் பொருட்கள் தீர்ந்துபோகும். கீறிய இடத்தில் ரத்தம் நிற்காது.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, 20 நிமிடம் கண்ணாடிக் குழாயில் அசைக்காமல் வைக்கும் எளிய சோதனை உண்டு. பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவை நம்ப முடியாது. ஒருமுறை உறைந்துவிட்டது என்றதும் வீட்டுக்குக் கிளம்புவதும் தவறு. கண்ணாடி விரியன் நஞ்சு சிறுநீரகத்தைப் பின்னால் மெதுவாகக் கெடுக்கலாம். சிறுநீர் குறைகிறதா, நிறம் கறுக்கிறதா என்று கவனியுங்கள்.

கடல்பாம்பு கடியும் பெரிதாக வலிக்காது. பிறகு உடம்பெல்லாம் தசை வலிக்கும். தசை உடைந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்தால் இதயத்துக்கு ஆபத்து. கறுத்த சிறுநீரை மீனவர்கள் வெயில் சூடு என்று விடக் கூடாது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது, கடல்பாம்புக்கு அல்ல. எனவே அந்த நான்கில் எது கடித்தது என்று பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வருவது வீண் வேலை, இன்னொரு கடியும் வாங்கலாம்.

குழந்தைதானே, மருந்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்காதீர்கள். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. குழந்தைக்கும் பெரியவர்களின் அளவேதான்.