அருங்காட்சியகத்தை ஓர் அமைப்பாகப் பார்க்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு பயிலரங்கில் புதியவர்கள் சிலர் அருங்காட்சியகத்தை ஓர் அமைப்பாக, அதாவது ஒன்றையொன்று பாதிக்கும் பகுதிகளாக, வெள்ளைப் பலகையில் வரைந்தார்கள். நடுவில் ‘பார்வையாளர்’, சுற்றிலும் இருபது வட்டங்கள், எங்கும் அம்புகள். நானும் முதன்முதலில் வரைந்தது இதே படம்தான். சட்டம் போட்டு மாட்டாத குறை. எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்பது உண்மையே. ஆனால் நாளைக் காலை எதைத் தொடுவது என்று அந்தப் படம் சொல்லாது.

பதிவில்லாக் குவியலுக்கு ஆள் போதாமைதான் காரணம் என்று நினைப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது. இரண்டு ஆண்டு உழைப்பையும் ஒரு மானியத்தையும் இதில்தான் தொலைத்தேன்.

நான் வேலை பார்த்த இடத்தின் கிடங்கில் ஆயிரக்கணக்கான பொருள்கள் பதிவில்லாமல் கிடந்தன. தற்காலிகமாக மூன்று பேரை எடுத்தோம். எண் கொடுத்து, படம் பிடித்து, இணையத்தில் ஏற்றினோம். முதல் ஆண்டு குவியல் மளமளவென்று குறைந்தது. கேக் கூட வெட்டினோம்.

அப்புறம் கடிதங்கள் வரத் தொடங்கின. ஆய்வாளர்கள் படம் கேட்டார்கள். பிற அருங்காட்சியகங்கள் பொருள்களை இரவல் கேட்டன. “எங்கள் தாத்தாவின் பெட்டியும் இருக்கிறது, எடுத்துக்கொள்வீர்களா?” என்று குடும்பங்கள் வந்தன. இத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார்? பட்டியலிட வேண்டிய அதே பதிவாளர். மானியம் முடிந்ததும் மூவரும் போய்விட்டார்கள், கேள்விகள் போகவில்லை. சில ஆண்டுகளில் குவியல் பழைய அளவையும் தாண்டிவிட்டது. எங்கள் வெற்றியே குழாயை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டிருந்தது.

1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் ஜே ஃபாரஸ்டர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆலைகளில் கண்டதும் இந்த வகைதான். ஆள்கணக்கு ஏன் ஏறி இறங்குகிறது என்று நிர்வாகிகளுக்குப் புரியவில்லை. சந்தை நிலவரம் மட்டும் அதற்குப் போதிய காரணமாகத் தெரியவில்லை. ஆள் எடுப்பதிலும் சரக்கு இருப்பிலும் அவர்களே எடுத்த முடிவுகள்தான் அந்த ஆட்டத்தை உண்டாக்கின என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆகவே ஆள் கேட்பதற்கு முன்பு வரவை அளந்துவிடுங்கள். ஆண்டுக்கு எத்தனை பொருள்கள் வருகின்றன, ஒன்றைப் பதிய எத்தனை மணி நேரம் ஆகிறது, பதிவாளருக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது? முதல் இரண்டின் பெருக்கம் மூன்றாவதைவிடப் பெரிதென்றால் தற்காலிக ஆள்களால் பயனில்லை. குழாய் இருப்பது எந்தப் பொருளை ஏற்பது என்று முடிவெடுக்கும் சேர்க்கைக் குழுவின் கையில். ஈரம் படுவதோ கிடங்கில். கடைசியில் நாங்கள் செய்தது மிகச் சின்ன வேலை. பொருளை ஏற்கப் பரிந்துரைக்கும் தாளில் ‘பதிவுக்கு ஆகும் மணி நேரம், தேவைப்படும் அலமாரி நீளம்’ என்று ஒரு வரி சேர்த்தோம். அதை நிரப்ப வேண்டி வந்தபோதுதான் குழு முதல் முறையாக ஒரு பெட்டிக்கு ‘வேண்டாம்’ என்றது.

அலமாரி வாங்கினால் கிடங்கு சரியாகிவிடும் என்பது

ஆகாது. பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோம் கிடங்குகளைச் சீரமைக்க உருவாக்கிய ரீ-ஆர்க் முறை, நிர்வாகம், கட்டடம், தொகுப்பு, தளவாடம் என நான்கையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

கெட்ட செய்தி வரும் வழியை வரையாமல் விடுவது

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 80 லட்சம் பொருள்கள் உள்ளன. ஒரு நேரத்தில் காட்சியில் இருப்பவை ஏறக்குறைய 80,000. பொருள்கள் வெளியே விற்பனைக்கு வருகின்றன என்று வெளியாள் ஒருவர் 2021இல் அவர்களை எச்சரித்தார். தொகுப்பு பத்திரமாக இருக்கிறது என்றுதான் பதில் வந்தது. திருட்டு பகிரங்கமானது 2023 ஆகஸ்டில். காணாமல் போனவற்றில் பல ஒழுங்காகப் பட்டியலிடப்படாதவை. பதிவில் இல்லாத பொருள் தொலைந்தால் யாருக்குத் தெரியும்? பதிவில்லாக் குவியல் வேலைப் பாக்கி மட்டுமல்ல, கண் தெரியாத இடமும்கூட.

விதியை இயற்கை என்று எண்ணுவது

ஈரப்பதம் 50 சதவீதம், கூடக் குறைய 5 என்ற குறுகிய வரம்பைப் பல காலம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதைக் காக்க இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடின, மின் கட்டணம் பராமரிப்புப் பணத்தைத் தின்றது. பெரிய அருங்காட்சியகங்களின் தலைவர்கள் கூடும் பீசோ குழு, பல வகைப் பொருள்களுக்கு 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் நிலையாக இருந்தால் போதும் என்று வரம்பைத் தளர்த்தியது. இயந்திரம் மாற்ற நிதி தேடுமுன் விதியை எடுத்துப் படியுங்கள். எளிதில் கெடும் பொருள்களுக்கு மட்டும் தனிப்பெட்டி.

வருகை எண்ணிக்கையை ஒரே இலக்காக வைப்பது

வேண்டாம்.

தாமதத்தைக் குறிக்காமல் அம்பு போடுவது

ஒவ்வோர் அம்பின் மேலும் ‘விளைவு தெரிய எத்தனை மாதம்’ என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்பை அழித்துவிடுங்கள்.